லிஃப்ட் அண்ணா

விசா அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. விண்ணப்பித்திருக்கும் பெண்ணுக்கும், கணவர் என்று அவர் குறிப்பிட்டிருக்கும் ஆணுக்கும் ரத்த உறவு ஏதும் உண்டா? நேரில் வந்து விளக்க வேண்டும். விளக்கம் திருப்தியாக இல்லையென்றால் பொய்த்தகவல் கொடுத்ததாகக் கருதி விண்ணப்பம் நிராகரிக்கப்படும், மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. ஊசிக்கு அந்தப் பொடி எழுத்துதான் முதலில் கண்ணில் பட்டது.

ஊசி என்பது அவள் சொந்தப் பெயர் இல்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். காலையிலிருந்து ஊரார் கையைப் பிடித்து நரம்பு தேடுவதுதான் பிழைப்பு. கல்யாணமான புதிதில் கணவன் விளையாட்டாக வைத்த பெயரை மாமியார் பிடித்துக்கொள்ள, அதுவே வீட்டுப் பெயராகிவிட்டது. இப்போது அவளே போனில் "நான் ஊசி பேசறேன்" என்றுதான் சொல்கிறாள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணம் முடிந்த கையோடு வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டான். மனைவியை அழைத்துக்கொள்ள விண்ணப்பம் போட்டு, இருவரும் விசா வரும் நாளுக்காகக் காத்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கடிதம் வந்து சேர்ந்தது.

அலுவலகத்துக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் கையில் இருந்த காகிதங்கள் அப்படி.

முதலாவது, பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. நம் ஆட்களுக்குக் குடும்பம் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. கட்டத்தைக் காலியாக விடக் கூடாதே என்று எல்லோரும் அப்பா பெயரை எழுதிவிடுகிறோம். ஊசியும் எழுதினாள், அவனும் எழுதினான். இருவருடைய அப்பாவுக்கும் ஒரே பெயர். பெண் பார்க்க வந்த அன்று இது தெரிந்து, "இனிஷியல் மாத்தற அலைச்சல் மிச்சம்" என்று மாமியார் சிரித்த சிரிப்பில் பாதிச் சம்பந்தம் அங்கேயே முடிந்துவிட்டது.

இரண்டாவது, போனில் அனுப்பிக்கொண்ட செய்திகள். கல்யாணம் நிஜமானதுதானா என்று பார்ப்பதற்காகப் பழகிய நாளிலிருந்து பேசிக்கொண்டதை அச்செடுத்து, மொழிபெயர்த்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பழகியது ஒரு லிஃப்டில். பரிசோதனைக் கூடம் இருக்கும் கட்டடத்தில், ரத்தக் குழாய்கள் அடுக்கிய பெட்டியோடு ஊசி இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டாள். வெளியே யாரோ ஸ்பானரோடு மல்லுக்கட்டும் சத்தம் கேட்டது. "அண்ணா, சீக்கிரம் தெறங்க அண்ணா, ரத்தம் வீணாப் போயிடும்" என்று கத்தினாள். கதவு திறந்தபோது அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது, உள்ளே யாருக்கோ அடிபட்டு ரத்தம் போகிறது என்று நினைத்துவிட்டான். அடுத்த தடவை நின்றால் கூப்பிட எண் கொடுத்தான். அவள் அதை 'லிஃப்ட் அண்ணா' என்று பதிந்து வைத்தாள். பிறகு அந்த லிஃப்ட் அநியாயத்துக்கு அடிக்கடி நின்றது. ஒரு கட்டத்தில் அது நிற்காமலேயே செய்தி போனது. செய்தியில் இருந்த 'அண்ணா' மெல்ல நழுவி 'ஏங்க' வந்து உட்கார்ந்துகொண்டது. ஆனால் போனில் பதிந்த பெயரை அவள் மாற்றவே இல்லை. மாற்ற வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. ஆகவே அச்செடுத்த ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும், முத்தம் அனுப்பிய பக்கம் உட்பட, 'லிஃப்ட் அண்ணா' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

மூன்றாவது மாமியாரின் கைங்கரியம். குடும்பத்தார் ஒருவர் ஆதரவுக் கடிதம் கொடுக்கலாம் என்றதும் அவர் உட்கார்ந்து உருகி உருகி எழுதினார். 'இவள் எனக்கு மருமகள் இல்லை, மகள். என் வயிற்றில் பிறந்த பிள்ளையாகவே பார்க்கிறேன்' என்று. அக்கம்பக்கத்தில் தினமும் சொல்வதைத்தான் எழுதினார், பாவம்.

ஊசி நேராக அந்தக் காகிதங்களை மொழிபெயர்த்துக் கொடுத்தவரின் கடைக்குப் போனாள். ஜெராக்ஸ் இயந்திரம் பாதி இடத்தை அடைத்துக்கொண்ட சின்ன அறை. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கடிதத்தைப் படித்தார்.

"அண்ணான்னா மூத்த சகோதரர். அதத்தான் எழுதினேன். மருமகள் இல்ல, மகள்னு உங்க மாமியார் எழுதியிருக்காங்க. அதையும் எழுதினேன்."

"சார், அது சும்மா சொல்றதுன்னு உங்களுக்கே தெரியுமே."

"எனக்குத் தெரியும்மா. ஆனா சும்மா சொன்னதுன்னு நானா ஒரு வார்த்த சேர்த்தா என் முத்திரையப் பிடுங்கிடுவாங்க. உள்ளத உள்ளபடி எழுதறதுக்குத்தானே காசு வாங்கறேன்."

அவளால் அவரோடு சண்டை போட முடியவில்லை. அவள் வேலையும் அதுதானே. குழாயில் ஒட்டிய சீட்டில் ஒரு எழுத்து தவறியிருந்தாலும் அந்த ரத்தத்தைத் தூக்கிக் கொட்டிவிட வேண்டும். எத்தனையோ பேர் கெஞ்சியிருக்கிறார்கள். "அது எங்கப்பா ரத்தம்தான், எனக்குத் தெரியாதா" என்று ஒரு பெண் அழுதுகூட இருக்கிறாள். உங்களுக்குத் தெரியும், சீட்டுக்குத் தெரியாதே என்று சொல்லிக் கொட்டியவள்தான் ஊசி. இப்போது தன்னையே யாரோ கொட்டப்போகிறார்கள்.

மாமியார் கடிதத்தைப் படிக்கக் கேட்டதும் பேனாவைத் தேடினார். "நான் வேணா வந்து, இவ எனக்கு யாருமே இல்லன்னு எழுதிக் குடுக்கட்டுமா" என்று கேட்டார்.

"அத்தை, நீங்க இனிமே எதையும் எழுதாதீங்க."

கணவன் போனில் குதித்தான். டி.என்.ஏ. சோதனை செய்துவிடலாம் என்றால் அதற்கு அங்கிருந்து தனி அனுமதி, தனி வரிசை. இந்த நேர்காணலுக்குள் நடக்கிற காரியம் இல்லை. "பொண்டாட்டி தங்கச்சி இல்லன்னு உலகத்துல எவனாவது சர்டிபிகேட் வாங்குவானா" என்று அலுத்துக்கொண்டான். அப்புறம் அவனே நிதானத்துக்கு வந்து கட்டளை போட்டான். போனில் பெயரை உடனே மாற்ற வேண்டும். இனிமேல் அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நேர்காணல் அறையில் பதற்றத்தில் பழைய வாய் எதையாவது உளறிவைத்தால் கதை கந்தலாகிவிடும்.

"ஏங்க, அதெப்படிங்க திடீர்னு பேர் சொல்லி..."

"இதோ, இந்த 'ஏங்க'வும் கிடையாது. பேர்தான். விசா கெடைச்ச அன்னைக்கு ஏங்கன்னு கூப்பிடு. அது வரைக்கும் வாயத் திறந்தா பேர்தான் வரணும்."

அவள் பழகினாள். துணி மடிக்கும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் முணுமுணுத்தாள். ஒரு நாள் சமையலறையில் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிப் பார்த்தாள். உள்ளறையிலிருந்து மாமியார் செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினார். "யாரு, அவன் வந்துட்டானா?" என்று தெருவைப் பார்த்து நின்றவரை உள்ளே அழைத்து வந்தபோது ஊசிக்கு அழுகை வந்துவிட்டது. மாமியார் பேச்சை மாற்றினார். ஆனால் அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

போனில் அவள் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் அவனும் ஒரு நொடி தடுமாறினான். "பேங்க்லேர்ந்து லோன் வேணுமான்னு கேக்கற மாதிரி இருக்கு" என்றான். சிரித்தான்தான். சிரிப்பில் சுரத்தில்லை. ஒருவேளை விசா கிடைக்காமலே போய்விட்டால் இந்த வறட்டுப் பெயரோடுதான் ஆயுசு முழுக்கப் போனில் பேச வேண்டுமோ என்று அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

நேர்காணல் நாளில் பிளாஸ்டிக் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். இரண்டு பிறப்புச் சான்றிதழ்கள், திருமணப் பதிவு, கல்யாணப் படங்கள், மொழிபெயர்ப்புகள், எல்லாவற்றுக்கும் நகல், நகலுக்கும் நகல். வாசலில் காவலாளி போனை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தார். உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, நரைத்த முடியைக் கத்தரித்த பெண்மணி. பக்கவாட்டு நாற்காலியில் வேறொரு தமிழ் மொழிபெயர்ப்பாளர், நடுத்தர வயது மனிதர்.

"நான் சொந்தமா எதுவும் சொல்லக் கூடாதும்மா" என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். "அவங்க கேக்கறத உங்களுக்குச் சொல்வேன், நீங்க சொல்றத அவங்களுக்குச் சொல்வேன். அவ்வளவுதான்."

கணவர் பெயர் கேட்டார்கள். பாடம் பண்ணியது தண்ணீர் பட்ட பாடாக வந்தது. எங்கே சந்தித்தீர்கள் என்று கேட்டார்கள், லிஃப்ட் கதையைச் சொன்னாள். அதிகாரி சிரிக்கவில்லை. மொழிபெயர்ப்புப் பக்கங்களைப் புரட்டி, தலைப்பில் பேனாவால் வட்டமிட்ட இடத்தைக் காட்டினார். 'மூத்த சகோதரர்' என்ற பொருளுக்குப் பக்கத்தில் மூலச் சொல்லின் உச்சரிப்பும் எழுதியிருந்தது. சகோதரர் என்று ஏன் பதிந்தீர்கள்?

"அது மரியாதைக்குச் சொல்றது. எல்லாரையும் அப்படித்தான் சொல்வோம்."

மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே சொன்னார். அதிகாரியின் முகம் மாறவில்லை. எல்லோரும் இங்கே வந்து இப்படி எதையாவது சொல்வார்கள் போலிருக்கிறது.

ஊசி இரண்டு பிறப்புச் சான்றிதழ்களையும் எடுத்து நீட்டினாள். "பாருங்க, அம்மா பேர் வேற வேற."

அதிகாரி இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு மேசையைப் பார்த்தபடி சொன்னார்.

"அப்பா பேர் ரெண்டுலயும் ஒண்ணா இருக்கு. ஒரே அப்பா, அம்மா மட்டும் வேறயா இருக்கலாம் இல்லையான்னு கேக்கறாங்க."

இப்படி ஒரு பள்ளம் இருக்கும் என்று அவள் யோசித்தே பார்க்கவில்லை. மாமனார் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது ஒரு குடும்பத்துக்கே ஈடுகொடுக்க முடியாமல் திணறிய மனுஷர். அவர் மேல் போய் இப்படி ஒரு பழி. அவர் வேறு ஆள், தன் அப்பா வேறு ஆள் என்று இந்த மேசையில் எதை வைத்துக் காட்டுவது? ஃபைலைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். அதற்குள் அதிகாரி அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டார், மொழிபெயர்ப்பாளர் அதையும் சொல்லிவிட்டார். ஒரு எழுத்துகூட அவள் காதில் ஏறவில்லை. எல்லாம் போயிற்று என்று நினைத்தாள்.

"அண்ணா" என்றாள் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து. "அண்ணா, எனக்கு ஒண்ணும் புரியல. இன்னொரு தடவ சொல்லுங்கண்ணா."

அதிகாரியின் பேனா நின்றது. அவர் மேசையில் கிடந்த பக்கத்தைப் பார்த்தார். வட்டமிட்ட அந்த உச்சரிப்பை விரலால் தொட்டார். பிறகு மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். அவருக்குக் காது சிவந்துவிட்டது. ஊசிக்கு அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. அவன் பயந்தது நடந்துவிட்டது. எந்த வார்த்தை வரக் கூடாது என்று நாள் கணக்கில் பூட்டி வைத்தாளோ, அதே வார்த்தை, அதுவும் மூன்று தடவை.

"நான் உங்களுக்கு அண்ணனான்னு கேக்கறாங்க" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"நீங்களா? இல்லையே. உங்கள இன்னைக்குத்தானே பாக்கறேன்."

"பின்ன ஏன் அண்ணான்னு கூப்பிட்டீங்கன்னு கேக்கறாங்க."

ஊசி திருதிருவென்று விழித்தாள். சாமர்த்தியமாகப் பதில் சொல்ல அவளுக்கு அந்த நிமிஷத்தில் மூளையும் இல்லை, தெம்பும் இல்லை.

"வேற எப்படிக் கூப்பிடறது?" என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். வாசல் காவலாளியை என்னவென்று கூப்பிட்டீர்கள் என்று கேட்டார். அண்ணா. பஸ் கண்டக்டரை? அண்ணா. உங்களைவிடச் சின்னவராக இருந்தால்? தம்பி. அப்படியானால் கணவரை இப்போது என்னவென்று கூப்பிடுகிறீர்கள்?

பெயர் தயாராக இருந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொல்கிறாய் என்று ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பெயர்தான் அவளுக்குப் பெரிய பொய்யாகத் தோன்றியது.

"ஏங்கன்னு கூப்பிடுவேன்."

மொழிபெயர்ப்பாளர் அவள் பக்கம் திரும்பினார். "இதுக்கு என்ன அர்த்தம்னு நீங்கதான் சொல்லணும்மா. என்னால முடியாது."

"அர்த்தம்லாம் ஒண்ணுமில்ல. எத்தன பேர் இருந்தாலும் நான் ஏங்கன்னா அவர் மட்டும்தான் திரும்பிப் பாப்பாரு."

அதை அவர் மெதுவாகச் சொன்னார். அதிகாரி மாமியாரின் கடிதத்தை எடுத்து மறுபடி ஒரு முறை முழுதாகப் படித்தார். இந்தத் தடவை அவர் உதட்டோரம் லேசாக அசைந்த மாதிரி இருந்தது. கல்யாணப் படங்களைப் பார்த்தார். எதையோ எழுதினார், முத்திரையை எடுத்தார், வைத்தார், வேறு முத்திரையை எடுத்தார்.

வெளியே வந்து டோக்கனை நீட்டினாள். "அண்ணா, என் போனு" என்றாள் காவலாளியிடம். திரையில் வரிசையாகத் தவறிய அழைப்புகள். மாற்றி எழுதிய முழுப் பெயரில், யாரோ மூன்றாம் மனிதர் கூப்பிட்ட மாதிரி. சுவரோரமாக ஒதுங்கி நின்று அழைத்தாள்.

முதல் மணியிலேயே எடுத்தான். ஹலோகூடச் சொல்லவில்லை. பின்னால் எங்கோ இரும்பு உரசும் சத்தம். லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டிருக்கிறான் போல. அவள் என்ன சொல்லிக் கூப்பிடப்போகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான்.

"ஏங்க" என்றாள்.

அந்தப் பக்கம் ஸ்பானர் கைதவறி ஆழத்தில் போய் விழுகிற சத்தம் கேட்டது.