ஆறு ஐம்பத்திரண்டு

உபதேசியார் அந்தோனிமுத்து சவப்பெட்டியின் மூடியைத் தூக்கியதும் இராசம்மா எட்டி அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மூடாதீங்க. ஆறு மணிக்கு முன்னால அவரத் தூக்க விடமாட்டேன்."

"என்னம்மா பேசுற? மணி நாலாச்சு. பனி எறங்கிருச்சுன்னா கல்லறைக்குப் போற பாதை தெரியுமா?"

"லாந்தர் ரெண்டு இருக்கு. எண்ணெய் ஊத்தி வச்சிருக்கேன்."

விடியற்காலையில் புருஷனைப் பறிகொடுத்தவள், பகல் முழுக்க அழுதவள், இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்து உபதேசியார் மூடியைக் கீழே வைத்துவிட்டார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் உட்கார்ந்திருந்த சோலைமலைக் கங்காணி எழுந்து வந்தார்.

"அதென்ன தங்கச்சி ஆறு மணி?"

"இன்னிக்கு ஆறு அம்பத்திரெண்டுக்குப் பலூன் வருது. எல்லாரும் அதப் பாத்துட்டுத்தான் அவர மண்ணுல வைக்கணும்."

சாவு வீடாகப் போனதால் யாரும் சிரிக்கவில்லை. வேறு நாளாக இருந்திருந்தால் லயமே அதிர்ந்திருக்கும்.

இராசம்மாவின் புருஷன் கஸ்பருக்குத் தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டி கட்டும் வேலை. பெட்டிக்குள் வெள்ளித்தாள் ஒட்டுவார். அமெரிக்காக்காரன் அதே மாதிரி மினுங்குகிற தோலில் எக்கோ என்று ஒரு ராட்சதப் பலூன் செய்து பூமியைச் சுற்ற விட்டிருக்கிறான், சாயங்காலத்தில் அது நட்சத்திரம்போல நகர்வது தெரியும் என்று ரேடியோவில் கேட்டதும், தானே ஒட்டி அனுப்பியதுபோல மனுஷனுக்கு ஒரே பெருமை. பத்திரிகையில் போட்டிருந்த நேரத்தை நம்பி ஒருநாள் சாயங்காலம் எல்லாரையும் பெரட்டுக் களத்துக்குக் கூப்பிட்டார். காலையில் பேர் கொடுக்க வரிசையில் நிற்கும் அதே களம். அவர்கள் மேடேறிக்கொண்டிருந்தபோதே, போட்டிருந்த நேரத்துக்கு முன்னாலேயே பலூன் போய்விட்டிருந்தது. ஒரு மணி நேரம் குளிரில் நடுங்கியதுதான் மிச்சம். 'பலூன் கஸ்பர்' என்று அன்றைக்கே பேர் வைத்தவர் சோலைமலைதான். கொழுந்து பறிக்கிற மலையில் இராசம்மாவையும் எல்லாரும் கேலி செய்தார்கள். அந்த ஆத்திரத்தை அவள் வீட்டில் வந்து புருஷன் மேல் கொட்டினாள்.

கஸ்பர் விடுவதாக இல்லை. மூன்று மாதம், மழை இல்லாத சாயங்காலமெல்லாம் தனியாகப் போய் நின்று, பலூன் வந்த நேரத்தைக் கொப்பியில் எழுதினார். அப்புறம் ஒருநாள் அடுப்படியில் வந்து உட்கார்ந்தார்.

"வெயில் தள்ளுது இராசம்மா."

"எத?"

"பலூனத்தான். வெயிலுக்குத் தள்ளுற பலம் இருக்காம். நமக்குத் தெரியாது. அது மலையாட்டம் பெருசு, ஆனா கனமே இல்ல. மேல காத்தும் இல்ல. வெயில் பட்டுப் பட்டே பாதை மாறுது. பேப்பர்க்காரன் ஒரு வாரத்துக்கு முன்னாலயே நேரம் போட்டுர்றான். அது எப்படிச் சரியா வரும்?"

"அடுப்பு அணையுது, நகருங்க" என்றாள் அவள்.

போன வாரம் நெஞ்சு இழுக்க ஆரம்பித்தபோதும் அதே பேச்சுத்தான். "பொடிக்கல்லு பட்டு ஓட்ட விழுந்து, உள்ள இருந்த காத்தெல்லாம் போயிருச்சாம். ஆனா சப்பையாகல. வெளிய இருந்து அமுக்கக் காத்து இல்லையே!"

"ஒங்க மூச்ச மொதல்ல பாருங்க."

நேற்றுச் சாயங்காலம் படுக்கையை வாசலுக்கு இழுக்கச் சொன்னார். பலூன் போகும்வரை அவள் அவருடைய முதுகைத் தாங்கிக்கொண்டு, ஏறி இறங்கும் நெஞ்சையே பார்த்திருந்தாள். அப்புறம் கொப்பியைப் புரட்டிக் கணக்குப் போட்டு, இன்றைய நேரத்தைச் சுவரில் கரியால் எழுதினார். பத்திரிகையில் ஆறு ஐம்பத்தெட்டு. இவர் கணக்கில் ஆறு ஐம்பத்திரண்டு.

ஆறு மணிக்குப் பெட்டி லயத்தை விட்டுக் கிளம்பியது. யார் செத்தாலும் பெரட்டுக் களத்தில் ஒருதரம் இறக்கி வைத்துத் தோள் மாற்றிக்கொள்வது அந்தத் தோட்டத்து வழக்கம். இறக்கினார்கள். புதிதாகத் தோள் கொடுக்க வந்தவர்கள் குனிந்தபோது இராசம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"இருங்க. நல்லமுத்து, மணியச் சொல்லு."

தொழிற்சாலைக் கிளார்க்கு நல்லமுத்து கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "ஆறு நாப்பது, அக்கா."

கீழே ஓடையிலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. உபதேசியார் ஜெபத்தை முடித்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். இராசம்மா பெட்டியை விட்டு நகரவில்லை. பலூன் வராவிட்டால் குழி மூடும் முன்பே சிரிப்பார்கள். பதில் சொல்ல அவரும் இல்லை. ஆண்டவரே, அந்த மனுஷனுக்காக இந்த ஒரு தடவை.

"அம்பத்தொண்ணு."

யாரோ இருமினார்கள்.

"அம்பத்திரெண்டு."

"அந்தா! அந்தா வருது!" என்று சண்முகவடிவு கத்தினாள். அவளும் கொழுந்து மலையில் கேலி பேசியவள்தான்.

இராசம்மா மேலே பார்க்கவில்லை. முகங்களைப் பார்த்தாள். அறுபது எழுபது முகங்கள் மேற்கிலிருந்து உச்சிக்கும், உச்சியிலிருந்து கிழக்குக்கும் மெதுவாக, ஒன்றாகத் திரும்பின. சோலைமலை தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார், வாய் திறந்தபடி. அந்த வாயை அவள் ஆசை தீரப் பார்த்தாள்.

அவள் நிமிர்ந்தபோது வானத்தில் நட்சத்திரங்கள் மட்டும் இருந்தன. பலூன் போய்விட்டது. இத்தனை நாளில் ஒரு தடவைகூட அதை அவள் பார்த்ததில்லை.

சோலைமலை பெட்டியருகே வந்தார்.

"அப்ப நாளைக்கு எத்தன மணிக்கு வரும்?"

அவளைக் கேட்கவில்லை. பெட்டியைப் பார்த்துத்தான் கேட்டார். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். நல்லமுத்து கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தூக்குங்க" என்றாள் இராசம்மா.

சோலைமலைதான் முதலில் குனிந்தார்.