கம்ப்யூட்டரோடு திரும்பிய மாப்பிள்ளை

முஸ்தாக் அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய்வந்தான், வயிறு முட்டச் சோறு தின்றான், சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தான், மனைவியின் இரண்டு வருட உழைப்பை ஒரே அமுக்கில் அழித்தான்.

அழிக்க நினைத்து அழிக்கவில்லை. திருத்தப் போய்த்தான் அழித்தான். வீட்டுக் கம்ப்யூட்டர் கொஞ்சக் காலமாகவே எழும்பும்போது மூச்சடைத்து நின்றது. பட்டனை அமுக்கினால் உள்ளே விசிறி இரையும். திரை வெளிக்கும். வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றத் தொடங்கும். பிறகு, எதற்காகச் சுற்றுகிறோம் என்று யோசித்தவை போல அப்படியே நின்றுவிடும். அதன்பிறகு மவுஸை அசைத்தாலும் சரி, மேசையைத் தட்டினாலும் சரி, பிஸ்மி சொல்லி வயரைக் கழற்றிப் போட்டாலும் சரி, அதற்கு மனம் வந்தால்தான் எழும்பும்.

அவனுடைய மனைவி றுஸ்தா பெண்கள் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். முதுமாணிப் பட்டத்துக்கு அவள் எழுதிக்கொண்டிருந்த ஆய்வுக் கட்டுரை முழுவதும் அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் கிடந்தது.

"கடையில குடுத்துப் பாப்பமா?" என்று அவள் கேட்கத்தான் செய்தாள்.

"கடையெதுக்குப் புள்ள, ஊட்டுக்குள்ளயே இஞ்சினியர் இரிக்கக்குள்ள?"

முஸ்தாக் விவசாயிகளுக்கான கமநல சேவை நிலையத்தில் எழுதுவினைஞன். அங்கே பிரிண்டருக்குள் சிக்கிய தாளை ஒருமுறை கிழியாமல் இழுத்தெடுத்துவிட்டான். அன்றிலிருந்து அலுவலகமே அவனை இஞ்சினியர் என்றுதான் கூப்பிடும். மனிதனுக்கு ஒரு பட்டம் கிடைத்துவிட்டால் அதற்கேற்றாற்போல் நடக்கவேண்டாமா? விண்டோஸைப் புதிதாகப் போட உட்கார்ந்தான். போடப் போட அது ஏதேதோ கேட்டது. நிக்காஹ் பந்தலில் 'கபூல்', சம்மதம் என்று சொன்ன அதே வேகத்தில் எல்லாக் கேள்விக்கும் ஓம் சொன்னான். அந்த ஓம்களில் ஒன்று, கட்டுரை இருந்த பகுதியை வழித்துத் துடைத்துவிட்டது.

இவ்வளவுக்கும் பிறகு கம்ப்யூட்டர் எழும்பியதா என்றால், அதுவும் இல்லை. புது விண்டோஸும் அதே புள்ளிகளைச் சுற்றி அதே இடத்தில் நின்றது.

அஸர் தொழுகைக்குப் பிறகு றுஸ்தாவின் தம்பி பஸால் மனைவியோடு வந்தான். வந்தவனிடம் முஸ்தாக்தான் முந்திக்கொண்டு செய்தி சொன்னான்.

"ஒங்கட ராத்தாட கட்டுர மௌத்தாப் பெய்த்து மச்சான். நாப்பதாம் கத்தத்துக்கு நல்ல மாடொண்டு பாருங்க."

செத்தவருக்கு நாற்பதாம் நாள் ஓதிச் சாப்பாடு போடுவதுபோலக் கட்டுரைக்கும் கத்தமா என்று பஸால் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். றுஸ்தாவும் சிரித்தாள். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாள். அவர்கள் போனபிறகு கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து, கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"நீங்க கொஞ்ச நாளைக்கு ஒங்கட ராத்தாட ஊட்ட போய் இரிங்க."

"எவ்வளவு நாளைக்குப் புள்ள?"

"பாப்பம்."

இலங்கையின் இந்தக் கிழக்குக் கரையில் வீடு என்பது பெண்ணுடைய சொத்து. மாப்பிள்ளை அதில் வந்து ஏறுகிறவன். வேறு ஊர்களில் சண்டை வந்தால் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போவாளாம். இங்கே பெட்டி கட்டுவது ஆண்தான். முஸ்தாக் இரண்டு சாரன், நான்கு சேர்ட்டோடு கம்ப்யூட்டரையும் தூக்கினான். "திருத்திட்டுக் கொண்டு வாறன்" என்றான். றுஸ்தா வேண்டாமென்றும் சொல்லவில்லை, சரியென்றும் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளின் பின் இருக்கையில் தலையணை வைத்து, அதன்மேல் கம்ப்யூட்டரை வைத்து, ரப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டினான். திரையை முன்னால் பெற்றோல் தாங்கிமேல் வைத்துக்கொண்டான். சாய்ந்தமருதுக் கடற்கரையிலிருந்து கல்முனைச் சந்தி வரும்வரைக்கும் மூன்று பேர் மறித்துக் கேட்டார்கள்.

"என்ன காக்கா, எங்க கொண்டு போறீங்க?"

"சுகமில்ல தம்பி. பெரியாஸ்பத்திரிக்கு."

மூன்று பேரும் சிரித்தார்கள். அதற்குப்பிறகு நற்பிட்டிமுனை வரைக்கும் யாரும் மறிக்கவில்லை. அந்தத் துண்டுப் பாதைதான் அவனுக்கு நீளமாக இருந்தது.

அவனுடைய மூத்த சகோதரி ஹாஜறா ராத்தாவின் வீடு நற்பிட்டிமுனை வயலோரம். அந்த வீட்டின் கல் ஒவ்வொன்றையும் முஸ்தாக்குக்குத் தெரியும். இளம் வயதில் சவூதியில் ஒரு பால் பண்ணையில் மாடு கழுவி, கழுவின காசில் ராத்தாவின் கலியாணத்துக்காகக் கட்டின வீடு. நாலு அறை, இரண்டு விறாந்தை, தண்ணீர்த் தாங்கி எல்லாம் பார்த்துப் பார்த்துப் போட்டான். தனக்கென்று ஒரு அறை போட மட்டும் தோன்றவில்லை. ஏன் தோன்றவேண்டும்? அவனுக்கு எங்கோ ஒரு வீட்டில் ஒருத்தி இருப்பாள்தானே.

ஆகவே அவனுக்கு நெல் அறை கிடைத்தது. மூட்டைகளுக்கு நடுவே ஒரு கட்டில், கட்டிலின் கால்மாட்டில் ஒரு மேசை, மேசையில் கம்ப்யூட்டர். பகலில் அலுவலகம். பின்னேரம் வந்து பட்டனை அமுக்குவான். புள்ளிகள் சுற்றும். நிற்கும். அவனும் கட்டிலில் இருந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். மூட்டைக்குள்ளிருந்து வண்டுகள் வந்து திரை வெளிச்சத்தில் மொய்க்கும்.

முயற்சிகள் குறைவில்லை. பிரிண்டர் வயரைக் கழற்றிப் பார்த்தான். மின்சார வயரை மாற்றினான். ஃபோனில் வீடியோ பார்த்து, 'சேஃப் மோட்' என்கிற ஆபத்துக்கால வழியாக உள்ளே போகப் பார்த்தான். அந்த வழியிலும் அதே வட்டம். விசிறியின் தூசியைத் துடைத்தான். பெட்டியில் காதை வைத்து, டொக்டர் மாதிரி, உள்ளே என்ன சத்தம் என்று கேட்டான். ஒவ்வொரு நாளும் றுஸ்தாவுக்கு வாட்ஸப்பில் அறிக்கை அனுப்பினான்.

"நோயாளி இன்று அரைவாசி கண் திறந்தார். ஆகாரம் எதுவும் எடுக்கவில்லை."

"நோயாளிக்கு மூச்சு இருக்கிறது. ஆளை மட்டும் அடையாளம் தெரியவில்லை."

இரண்டு சரி அடையாளமும் நீலமாகும். பதில் வராது. ஒரே ஒருநாள் வந்தது. "தண்ணி மோட்டர் நிண்டு நிண்டு வேல செய்யுது. எப்பிடிப் போடுற?" முஸ்தாக்குக்குத் தலைகால் புரியவில்லை. மோட்டருக்கும் தனக்கும் உள்ள சொந்தபந்தம் தொடங்கி, வால்வின் குணநலன் வரைக்கும் குரல்பதிவாகவே ஐந்தாறு அனுப்பினான். இடையிடையே நல்ல பகிடிகளும் வைத்திருந்தான். அவள் ஒரு கட்டைவிரல் அனுப்பினாள்.

அந்தக் கட்டைவிரலை வைத்து அவன் இரண்டு நாள் சீவித்தான்.

பஸாலுக்கு ஃபோன் எடுத்தான். "மச்சான், ராத்தாட்ட கதச்சீங்களா?"

"கதச்சன் மச்சான்."

"என்ன செல்றா?"

"ஒண்டும் செல்லல்ல. கோவமாயும் இல்ல. சும்மாதான் இரிக்கா."

"அப்ப நான் வரவா, இரிக்கவா?"

"அல்லாஹ் நல்லதாக்கி வெப்பான் மச்சான். கொஞ்சம் பொறுங்களன்."

ராத்தாவும் அப்படித்தான். காலையில் புட்டை வைத்துவிட்டு எதிரே நின்று, "றுஸ்தா ஃபோன் எடுத்தாளா தம்பி?" என்பாள். "எடுப்பா" என்பான். "எடுப்பாதான், எங்க போற" என்பாள். இருவருக்கும் அது பொய்யென்று தெரியும். ஆனாலும் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லிக்கொள்ள ஏதாவது வேண்டுமே.

இதற்கிடையில் பெரும்போக அறுவடை தொடங்கிவிட்டது. மெஷின் போட்டு வெட்டிய நெல் ஒவ்வொரு பின்னேரமும் வந்து இறங்கியது. முதலில் கட்டிலின் வலப்பக்கம் அடுக்கினார்கள். பிறகு இடப்பக்கம். பிறகு ஜன்னல் மறைந்தது. ஒருநாள் ராத்தா அறை வாசலில் நின்று, அவனைப் பாராமல் மூட்டைகளைப் பார்த்தபடி சொன்னாள்:

"இன்னும் ரெண்டு ட்ரக்டர் வரக்கிடக்காம். எங்க அடுக்குற எண்டு எங்கட ஊட்டுக்காரர் கேக்கார்."

"என்னையும் ஒரு மூட்டையில கட்டி அடுக்குங்க ராத்தா. எடம் மிச்சம்."

ராத்தா சிரிக்கவில்லை. "அப்பிடிச் செல்லாதீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். தன்னுடைய பகிடி ஒருவரை அழவைத்ததை முஸ்தாக் அன்றுதான் கண்ணால் கண்டான்.

வைத்தியம் கடைசியில் அலுவலகத்தில்தான் கிடைத்தது. பக்கத்து மேசைத் தங்கத்துரை திருக்கோவில் ஊர்க்காரர். அவருடைய வீட்டிலும் கடல்காற்று உண்டு, கம்ப்யூட்டரும் உண்டு.

"இஞ்சினியர், ஒங்கட வீடு கடலுக்குக் கிட்டத்தானே? உள்ள ரேம் எண்டு ஒரு பச்சத் தகடு இரிக்கும். அதிர பல்லு உப்புக் காத்துக்குக் கறுத்திரிக்கும். கழட்டி அழிறப்பரால தேச்சுப்போட்டுப் போடுங்க. எங்கட வீட்டயும் இதேதான்."

"விண்டோஸில பிழ இல்லையா அண்ணன்?"

"அதுக்கென்ன பிழ? அத ஏன் நோண்டினீங்க?"

முஸ்தாக் கோப்பு ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை பின்னேரம் ராத்தாவிடம் அழிறப்பர் ஒன்று வாங்கினான். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினான். ரேம் தகடு விரல் நீளத்தில் இருந்தது. அதன் மஞ்சள் பற்கள் வெற்றிலை போட்ட பல்லைப்போலக் கறுத்திருந்தன. மூட்டையில் சாய்ந்துகொண்டு மெதுவாகத் தேய்த்தான். கம்ப்யூட்டருடைய ஞாபகசக்தி இருப்பது அந்தத் தகட்டில்தான் என்று வீடியோவில் சொன்னார்கள். ஞாபகம் வரவேண்டுமென்று ஞாபகத்தை அழிறப்பரால் தேய்க்கிற ஒரே சாமான் இதுதான் என்று ஒரு பகிடி அவனுக்கு வந்தது. நல்ல பகிடி. வாயைத் திறந்து திரும்பிப் பார்த்தான். இரண்டு பக்கமும் நெல்.

தகட்டைத் திரும்பச் செருகி, பட்டனை அமுக்கினான். விசிறி இரைந்தது. புள்ளிகள் சுற்றின. சுற்றின. சுற்றிமுடித்து மறைந்தன. நீலத்திரை விரிந்தது.

ஒரு தடையும் இல்லாமல் எழும்பிவிட்டது. நிறுத்திப் போட்டான், எழும்பியது. மறுபடி போட்டான், மறுபடியும் எழும்பியது. உள்ளே ஒன்றுமில்லை. குப்பைக் கூடை ஒன்று மட்டும் மூலையில் கிடந்தது, அதுவும் வெறுமை. ஒரு அழிறப்பர் வேலைக்கு அவளுடைய இரண்டு வருடத்தை அழித்திருக்கிறான்.

ஃபோனை எடுத்தான். அறிக்கை அனுப்பவில்லை, நேரே அழைத்தான். மூன்றாவது மணியில் றுஸ்தா எடுத்தாள்.

"கம்ப்யூட்டர் சரி புள்ள."

"ஓ. நல்லம்."

"கட்டுரதான்... அது வராது. நான் எல்லாம் தேடிப் பாத்தன். விண்டோஸில பிழையே இல்லயாம். நான் சும்மா அழிச்சிரிக்கன்."

"கட்டுர மெயில்ல இரிக்கி" என்றாள் றுஸ்தா. "ஒவ்வொரு அத்தியாயமும் முடியமுடிய ஆய்வுக்குப் பொறுப்பான சேருக்கு அனுப்பினதானே. கடைசிப் பக்கம் நாலஞ்சுதான் போன. அத நான் அடுத்த கிழமையே எழுதிட்டன்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றான் முஸ்தாக். பிறகு யோசித்தால் அவனுக்கு ஒன்று விளங்கவில்லை. "அப்ப ஏன் புள்ள என்ன அனுப்பின?"

"அண்டைக்கு அது மெயில்ல இரிக்கெண்டு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியா."

"தெரியாதுதானே. எல்லாம் போயிட்டு எண்டுதான் நினச்சிரிப்பீங்க. நினச்சும், என்னட்ட ஒரு வார்த்த கேக்கல்ல. பஸாலிட்ட கத்தம் எண்டு சென்னீங்க. அவன் சிரிச்சான். நானும் சிரிக்க வேண்டிக் கிடந்த."

"அது சும்மா ஒரு பகிடிக்கி..."

"நமக்குப் புள்ள இல்லாததுக்கும் அப்பிடித்தானே. கலியாண ஊட்டுக்குப் போனா ஆராவது கேப்பாங்க. நீங்க 'ஓடர் குடுத்த, இன்னும் பார்சல் வரல்ல' எண்டு செல்லுவீங்க. எல்லாரும் சிரிப்பாங்க. நான் பக்கத்தில நிண்டு சிரிக்கணும்."

அவளுக்குக் குடை பிடிப்பதாகத்தான் அவன் இவ்வளவு காலமும் நினைத்திருந்தான். கேட்கிறவர்களின் வாயை ஒரு சிரிப்பால் அடைத்துவிட்டால் அந்தக் கேள்வி அவள்வரைக்கும் போகாது என்று. அதைச் சொல்ல வாயெடுத்தான். வாய்க்கு முதலில் வந்தது வேறொன்று, குடையைப் பற்றிய ஒரு பகிடி. அதைத் தொண்டையிலேயே வைத்து விழுங்கினான். மாத்திரையை வெறும் வாயில் விழுங்கினதுபோல் இருந்தது.

"றுஸ்தா" என்றான். பெயர் சொல்லிக் கூப்பிட்டு எவ்வளவு காலம். "பகிடி இல்லாமக் கேக்கன். நான் ஊட்ட வரட்டா?"

அந்தப்பக்கம் கடல் இரைவது கேட்டது. பின்வாசல் திறந்திருக்கவேண்டும். எந்த மௌனத்தையும் அரைநிமிஷம் தாங்காதவன், இன்று ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு பேசாமல் இருந்தான்.

"இல்ல" என்றாள். குரலில் கோபம் இல்லை. வகுப்பில் பிள்ளை ஒன்று கேட்ட கேள்விக்கு, அந்தப் பிள்ளை நொந்துபோகாதபடி விளக்கம் சொல்லுகிற குரல். "நீங்க போனதுக்குப் பொறகு ஊடு அமைதியா இரிக்கி. எனக்கு அது நல்லாரிக்கி. ஒங்களுக்கும் எனக்கும் நடுவில நிண்டு ஆரும் மழுப்ப வேணாம், அதான் நானே செல்றன். இப்போதைக்கு வேணாம் எண்டு செல்லல்ல. இனி வேணாம் எண்டுதான் செல்றன்."