ஓட்டல் கம்ப்யூட்டரில் வந்த அப்பா

கைப்பேசி எல்லோர் சட்டைப் பையிலும் வந்து உட்காராத காலம் அது.

தராசு செய்யும் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. கம்பெனி விற்ற தராசுகள் ஊர் ஊராகக் கிடங்குகளிலும் ஆலைகளிலும் இருந்தன. ஆண்டுக்கொரு முறை போய் அவை சரியாக நிறுக்கின்றனவா என்று பார்த்து முத்திரை வைத்துவிட்டு வர வேண்டும். அதற்காக இரண்டு மரப்பெட்டிகளில் எடைக்கற்களைத் தூக்கிக்கொண்டு அலைவார். பெட்டி ஒன்று இருபது கிலோ. அதனால் கம்பெனியில் அவருக்கு எடைக்கல் என்றே பெயர். மடிக்கணினி ஒன்று தரட்டுமா என்று மேலாளர் ஒரு முறை கேட்டபோது, "ரெண்டு கையிலும் நாப்பது கிலோ இருக்கு சார். அதைக் கழுத்துல கட்டிக்கவா?" என்று சொல்லிவிட்டார்.

ஆனால் கணினி இல்லாமல் அவருக்குப் பொழுது போகாது என்பதும் உண்மை. வீட்டில் ஒரே மகள், பத்தொன்பது வயது. பிறந்ததிலிருந்து காது கேட்காது. வீட்டில் இருக்கும்போது அப்பாவும் மகளும் கையாலேயே பேசிக்கொள்வார்கள். வெளியூர் போனால் தொலைபேசியால் என்ன பயன்? அதனால் தங்குகிற ஓட்டலில் எங்காவது ஒரு கணினியைப் பிடித்து, சாயங்காலம் ஆறு மணிக்கு அரட்டைப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்துவிடுவார். தமிழை ஆங்கில எழுத்தில், ஒற்றை விரலால், கோழி தானியம் பொறுக்குவது போலத் தட்டுவார். மகள் வீட்டுக் கணினியில் இருந்து பத்து வரி அனுப்புவதற்குள் இவர் ஒரு வரி அனுப்பியிருப்பார். எந்த ஓட்டலில் வரவேற்பறையில் கணினி, எதில் படிக்கட்டுக்கு அடியில், எதில் சும்மா பேருக்கு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சிமெண்டுக் கிடங்கில் மூட்டைத் தராசைப் பார்த்துவிட்டு மதியம் பன்னிரண்டே காலுக்கு ஓட்டலுக்குத் திரும்பினார். வரவேற்பு மேஜையில் வழக்கமான பையன் இல்லை, வயதான காவலாளிதான் ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்தார். அக்கா கூப்பிட்டிருந்தாள். ஆஸ்பத்திரி வார்டின் தொலைபேசி எண்ணும் 'உடனே' என்ற சொல்லும் அதில் இருந்தன.

பெட்டிகளைக் கீழே வைக்காமலே எண்ணைச் சுழற்றப் பார்த்தார். பிறகுதான் வைத்தார்.

"தம்பி, புள்ளைக்கு வயித்து வலி," என்றாள் அக்கா. அவளுக்கு மூச்சு வாங்கியது. "நேத்து சாயங்காலத்துலேர்ந்தே இருந்திருக்கு, சொல்லலை. குடல்வால் வீங்கிப்போச்சாம். வெடிச்சுதுன்னா உசுருக்கே ஆபத்தாம். உடனே ஆபரேஷன் பண்ணணுங்கறாங்க."

"பண்ணச் சொல்லுக்கா."

"அவ ஒத்துக்க மாட்டேங்கறாளே. வயசு வந்தவ, அவதான் கையெழுத்துப் போடணுமாம். பேப்பரை நீட்டுனா கிழிச்சுப் போடறா. நர்ஸ் கையைக் கடிச்சுட்டா. டாக்டரம்மா எழுதிக் காமிச்சாங்க, நானும் எழுதிக் காமிச்சேன். எங்க யாரையும் நம்ப மாட்டேங்கறா. அப்பா, அப்பான்னு நெத்தியில விரலை வெச்சு வெச்சுக் காட்டறா."

அவருக்குக் காரணம் தெரியும். ஆறு வயதில் அவளுக்குக் காதில் ஒரு அறுவை சிகிச்சை செய்தார்கள். பலிக்கவில்லை. அது கூடப் பெரிதில்லை. எழுந்தபோது மொட்டைத் தலையில் கட்டும், உயிர் போகிற வலியும். ஏன் என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அன்றிலிருந்து வெள்ளைக் கோட்டைக் கண்டால் அவளுக்கு ஆகாது. அவள் அம்மா இறந்த அன்று கூட ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

தொலைபேசியை டாக்டரம்மா வாங்கினார். இளம் குரல். "எங்க இருக்கீங்க? எப்ப வர முடியும்?"

"பஸ்ஸுல எட்டு மணி நேரம் டாக்டர்."

"அவ்வளவு நேரம் இல்லைங்க. ரெண்டு, ரெண்டரைக்குள்ள நான் உள்ள எடுத்துட்டுப் போயிடணும்."

"உங்க வார்டுல இன்டர்நெட்டோட கம்ப்யூட்டர் இருக்கா?"

"எங்க ரூம்ல இருக்கு. ஏன்?"

"அவளை அது முன்னாடி உக்கார வைங்க. அவ வழக்கமா திறக்கறதைத் திறக்கட்டும். நான் வர்றேன். அப்பா வர்றார்னு மட்டும் சொல்லுங்க, அக்காவுக்கு அந்தச் சைகை தெரியும்."

அந்த ஓட்டலில் அறைத் தொலைக்காட்சியிலேயே இணையம் வரும். மடியில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன விசைப்பலகை கொடுப்பார்கள். அதற்காகவே எப்போதும் அங்கே தங்குவார். மாடிக்கு ஓடிப் போட்டுப் பார்த்தார். திரை நீலமாகவே நின்றது. கீழே ஓடி வந்தார்.

"வெள்ளிக்கிழமை மழையில போச்சு சார்," என்றார் காவலாளி. "நாளைக்கு ஆள் வருவாங்க."

"வேற கம்ப்யூட்டர்?"

"ஆபீஸ் ரூம்ல இருக்கு. சாவி மேனேஜர்கிட்ட. மேனேஜர் ஊர்ல இல்லை."

தெருவில் இருந்த இரண்டு இணையக் கடைகளும் ஞாயிறு என்று கதவை இறக்கியிருந்தன. இரண்டாவது கடையின் இரும்புக் கதவைத் தட்டிக் கை சிவந்ததுதான் மிச்சம். தன் கையெழுத்தில் எழுதித் தொலைநகல் அனுப்பலாமா என்று யோசித்தார். ஆஸ்பத்திரியில் அந்த இயந்திரம் இருக்கும் அலுவலகமும் இன்று பூட்டு. அக்காவே சொல்லியிருந்தாள், பெயர் பதியக் கூட ஆள் இல்லை என்று. வெயில் மண்டையைப் பிளந்தது. ஓட வேண்டும் என்று தோன்றியது, ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. நடுத்தெருவில் நின்று ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம் பெரிய ஓட்டல் ஒன்றின் பலகை தெரிந்தது.

போய்ச் சேரும்போது மணி ஒன்று ஆகியிருந்தது. வரவேற்பு மேஜையில் ஒரு பெண் இருந்தாள். அவளுக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பு, அதற்குள் ஒரு கணினி. உயரமான ஒருவர் அதில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்.

"அது இங்க தங்கறவங்களுக்கு மட்டும் சார்," என்றாள் அவள்.

"சரிம்மா, ஒரு ரூம் போடு."

"ரூம் இல்லை சார். மருந்துக் கம்பெனி மீட்டிங். எல்லாம் ஃபுல்."

"பத்து நிமிஷம்மா. என் பொண்ணு..." நாற்பது கிலோவை இருபது வருடமாகத் தூக்குகிற மனிதர். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வார்த்தை வராமல், கண்ணாடித் தடுப்பைக் கையால் காட்டினார்.

உள்ளே இருந்தவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். எழுந்து கதவைத் திறந்தார்.

"ரூம் இருநூத்தி ஏழு," என்றார் அந்தப் பெண்ணிடம். "என் பேர்ல எழுதிக்கம்மா. இவர் என்னோட ஆள்." பிறகு இவர் பக்கம் திரும்பி, "உக்காருங்க. ராஜாவைத் தேடி ஒரு மணி நேரமா அலையறேன், அவன் எங்கயும் போக மாட்டான்."

உட்கார்ந்தார். அரட்டைப் பெட்டியைத் திறந்து பெயரைத் தட்டினார். ரகசிய எண் மகளின் பிறந்த தேதி. தவறு என்றது. மறுபடி தட்டினார். தவறு. தவறாகத் தட்டுகிறோம் என்று நினைத்து ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தபோதுதான் புரிந்தது, ஒன்பதாம் எண் உள்ளே போய் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் பிறந்த தேதியிலோ மூன்று ஒன்பது.

"ஒன்பது வேலை செய்யலை," என்றார். தன் குரல் தனக்கே அழுகை போலக் கேட்டது. "ஒன்பது இல்லைங்க இதுல."

சீட்டாட்டக்காரர் குனிந்து பார்த்தார். "வலது பக்கம் தனியா இன்னொரு ஒன்பது இருக்கு பாருங்க. இருங்க, மேல இந்தப் பித்தானை அமுக்கணும். இப்ப."

பெட்டி திறந்தது. மகளின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. 'சிட்டு, அப்பா வந்துட்டேன்' என்று தட்டி முடிக்கும் முன் அந்தப் பெண் யாரையோ கூப்பிட மேஜைத் தொலைபேசியை எடுத்தாள். பச்சைப் புள்ளி சாம்பல் ஆனது.

"ஒரே லைன்தான் சார்," என்றாள் அவள். "ஃபோன் எடுத்தா அது கட் ஆயிடும்."

அவர் எழுந்து நின்றார். என்ன செய்யப் போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. அந்தத் தொலைபேசியைப் பிடுங்கிச் சுவரில் அடிக்கத்தான் போயிருப்பார். சீட்டாட்டக்காரர் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "என்ன விஷயம்?" என்று கேட்டார். இவர் நாலே வாக்கியத்தில் சொன்னார். அந்தப் பெண்ணும் கேட்டுக்கொண்டிருந்தாள். எடுத்த தொலைபேசியை அப்படியே வைத்தாள்.

"யாராவது கூப்பிட்டு மணி அடிச்சா?" என்றார் அவர்.

"அடிக்காது. கனெக்‌ஷன் போட்டாச்சுன்னா வெளியில இருக்கறவங்களுக்கு எங்கேஜ்டுதான். மாடியிலேர்ந்து யாராவது எடுத்தாத்தான் போச்சு."

"மாடியில இருக்கறது பூரா எங்க ஆளுங்க," என்றார் சீட்டாட்டக்காரர். "நான் பாத்துக்கறேன்." நாற்பது மருந்து விற்பனையாளர்கள் உட்கார்ந்திருந்த மாடிக்கு இரண்டிரண்டு படியாக ஏறிப் போனார். பிறகு அந்த ஓட்டலில் முக்கால் மணி நேரம் யாரும் தொலைபேசியைத் தொடவில்லை.

'சிட்டு.'

'நீ யார்' என்று வந்தது.

'அப்பா.'

'பொய். அத்தை டாக்டர்கிட்ட சொல்லி டைப் பண்ண வைக்கிறா.'

'இல்லம்மா நாந்தான்.'

'அப்பான்னா சொல்லு. அத்தைகிட்ட சொல்லாதேன்னு போன மாசம் ஒண்ணு சொன்னேன். அது என்ன?'

அவர் விரல் நின்றது. பிறகு தட்டினார்: 'அத்தை பக்கத்துல நிக்கிறாளா?'

'நிக்கிறா.'

'அந்தப் பக்கம் திரும்பி நிக்கச் சொல்லு.'

பிறகு, 'திரும்பிட்டா.'

'நீ தையல் கிளாஸுக்குப் போகலை. ரெண்டு மாசமா அச்சாபீஸ்ல வேலை பழகறே.'

'அப்பா' என்று வந்தது. அதையே ஏழெட்டு முறை அனுப்பினாள். பிறகு, 'வலிக்குது. ரொம்ப வலிக்குது.'

எழுதினார். ஒற்றை விரல் போதவில்லை. இரண்டு கையாலும் தட்டிப் பார்த்தார், எல்லாம் பிழையாக வந்தது, மறுபடி ஒற்றை விரலுக்கு வந்தார். குடலில் ஒரு சின்ன வால் இருக்கிறது, அது பழுத்துவிட்டது, வயிற்றில் வலது பக்கம் கீழே ஒரு சிறு வெட்டு, அதை எடுத்துவிட்டுத் தைத்துவிடுவார்கள் என்று துண்டு துண்டாக அனுப்பினார்.

'தலையைத் தொடுவாங்களா?'

'மாட்டாங்க. வயிறு மட்டும்.'

'அன்னிக்கு ஐஸ்கிரீம் வாங்கப் போறோம்னு சொன்னே.'

பதின்மூன்று வருடமாக அவள் அதைக் கேட்டதில்லை. மறந்திருப்பாள் என்று அவர் நினைத்திருந்தார். மறந்திருக்க வேண்டும் என்று நினைத்திருந்தார். திரையில் அந்த வரி ஓரத்தில் ஒரு கோடு விட்டு விட்டு மினுங்கிக்கொண்டிருந்தது.

'ஆமாம். பொய் சொன்னேன். நீ அழுவியேன்னு பயந்து சொன்னேன். நான் பண்ணது தப்பு.'

'இப்பவும் பயந்துதான் சொல்றியா?'

'பயமா இருக்கு. ஆனா பொய் இல்லை.'

'செத்துப் போயிடுவேனா?'

இல்லை என்று ஒரே சொல் தட்டினால் போதும். தட்டிவிட்டார். அனுப்பவில்லை. அழித்தார். நெற்றி வேர்வை விசைப்பலகையில் சொட்டியது.

'ஆபரேஷன் பண்ணலைன்னா செத்துப் போகலாம். பண்ணா அநேகமா ஒண்ணும் ஆகாது. அநேகமாங்கறதுக்கு மேல எனக்குத் தெரியாது. தெரிஞ்சா சொல்லியிருப்பேன்.'

என்ன காரியம் செய்தோம், வலியில் துடிக்கிற பிள்ளையிடம் சொல்கிற பேச்சா இது என்று தலையில் அடித்துக்கொண்டார். பதில் வரவில்லை. ஒரு நிமிடம். இரண்டு. 'சிட்டு' என்று அனுப்பினார். 'சிட்டு பதில் போடு.' பச்சைப் புள்ளி அப்படியே இருந்தது, எழுத்து மட்டும் வரவில்லை. மயங்கி விழுந்துவிட்டாளோ. வெடித்துவிட்டதோ.

மாடியிலிருந்து இறங்கி வந்த சீட்டாட்டக்காரர் கதவோரம் நின்றார்.

கடைசியில் ஒரு வரி வந்தது. அதில் பிழைகள் இருந்தன, அவள் பிழையாகவே எழுத மாட்டாள்.

'டக்டர் நான் டாக்டர். கையெழுத்து போட்டுட்டா. எடுத்துட்டுப் போறோம்.'

மணி இரண்டு பத்து. அடுத்த பஸ் இரண்டரைக்கு. சீட்டாட்டக்காரர் தன் கம்பெனி வண்டியில் அவரைப் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டார். எடைக்கற்கள் பழைய ஓட்டலிலேயே கிடந்தன, அந்தப் பெண் ஆள் அனுப்பி எடுத்து வைப்பதாகச் சொன்னாள். எட்டு மணி நேரம் அவருக்கு எந்தச் செய்தியும் இல்லை. நடுவில் பஸ் நின்ற இரண்டு இடத்திலும் பொதுத் தொலைபேசியில் சுழற்றிப் பார்த்தார், வார்டில் யாரும் எடுக்கவில்லை. வழியெல்லாம் அந்த 'அநேகமா' என்ற சொல்லே அவர் காதுக்குள் அரைத்துக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, எனக்கு ஏதாவது ஆகட்டும், அவளுக்கு வேண்டாம் என்று யாரிடம் என்று தெரியாமல் சொல்லிக்கொண்டே வந்தார்.

குடல்வால் முன்பே வெடித்திருந்தது. திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. சீழ் பரவிவிட்டதால் உள்ளே கழுவித் துடைத்து, குழாய் வைத்துத் தைத்திருந்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் நான் உங்களிடம் வேறு மாதிரி பேசிக்கொண்டிருப்பேன் என்றார் டாக்டரம்மா. மூன்று நாள் காய்ச்சல் இறங்கவில்லை. அப்பாவும் அத்தையும் மாறி மாறி உட்கார்ந்தார்கள். அக்கா தையல் வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று திரும்பி நின்றவள் ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த திரையில் எல்லாவற்றையும் படித்துவிட்டாளா என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

நான்காம் நாள் காலை காய்ச்சல் விட்டது. அவள் கண்ணைத் திறந்தாள். ஒரு கையில் ஊசி. இன்னொரு கையைத் தூக்கி, கட்டை விரலை உதட்டருகே கொண்டுபோய்த் தண்ணீர் கேட்டாள்.

அவர் பக்கத்தில் நின்ற டாக்டரம்மாவைப் பார்த்தார். கூடாது என்று டாக்டரம்மா தலையை ஆட்டினார்.

'இன்னிக்குக் கிடையாது,' என்று அப்பா கையால் சொன்னார். 'நாளைக்கும் அநேகமா கிடையாது.'

அவள் அவரை முறைத்தாள். பிறகு அந்த ஒற்றைக் கையாலேயே, ஆஸ்பத்திரியில் சொல்லக் கூடாத ஒரு வசவைச் சொன்னாள். அத்தைக்கு அந்தச் சைகை தெரியாது. என்ன சொல்றா, என்ன சொல்றா என்று தம்பியின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நாலு நாளாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அழுது தீர்த்தார்.