கண்ணாடி பால்கனியில் ஒரு முலாம்பழம்

ஜூன் 12

மூன்று வாரமாக நான் செய்துவந்தது தவறு என்று இன்று மாலை தோட்டக்கலை வகுப்பில் தெரிந்தது. முலாம்பழக் கொடியில் பக்கக் கிளைகள் துளிர்க்கத் துளிர்க்க நகத்தால் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். தினமும் காலை ஏழு மணிக்கு. கிள்ளியதை நோட்டில் எண்ணியும் வைத்திருக்கிறேன்: இருபத்தாறு.

கிள்ளச் சொன்னவர் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்காரும் பஸ் டிரைவர். அவர் வளர்ப்பது தக்காளி. வகுப்பில் அவருக்குப் பெயரே தக்காளி அண்ணன். தக்காளிக்குக் கிள்ளத்தான் வேண்டும். முலாம்பழத்தில் காயாகும் பெண் பூக்கள் வருவது அந்தப் பக்கக் கிளைகளில்தான்.

டீச்சர் என் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "இருபத்தாறா? இவ்வளவு ஒழுங்கா தப்பு பண்ணினவங்கள நான் பார்த்ததே இல்லம்மா."

வகுப்பே சிரித்தது. தக்காளி அண்ணன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

"தங்கச்சி, செடின்னா எல்லாம் செடிதானேன்னு நினைச்சுட்டேன்."

"பஸ்ஸுன்னா எல்லாம் பஸ்தானேன்னு ஏறினா எங்கண்ணே போய்ச் சேருவோம்?" என்றேன்.

"டிப்போவுக்கு," என்றார்.

நானும் சிரித்தேன். ஆனால் வீடு வரும் வழியெல்லாம் பால்கனியைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அக்கா வீட்டில் நான் ஹாலில் படுத்துக்கொள்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார எனக்கென்று இருப்பது கண்ணாடி அடைத்த பால்கனி ஒன்றுதான். அதில் உடற்பயிற்சி சைக்கிள் போட வேண்டும் என்பது அத்தானின் ஆசை. அவருக்கு கிரேன் ஓட்டும் வேலை. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பார். எடையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் கண்டித்துவிட்டார். ஏப்ரலில் நான் விதை போட்டபோது, "இந்த ஊர்க் குளிர்ல முலாம்பழமா? ஸ்வெட்டர் பின்னிப் போடப்போறியா?" என்று சிரித்தவர், அப்போதே பந்தயமும் கட்டினார். செப்டம்பர் முப்பதுக்குள் ஒரு பழமாவது பழுத்தால் பால்கனி எனக்கு. இல்லையென்றால் செடி வெளியே, சைக்கிள் உள்ளே.

நான் போட்டது ஐந்து விதை. ஈரத்துணியில் சுற்றி, ஹீட்டர் இருக்கும் அலமாரியில் வைத்தேன். ஆறாம் நாள் மூன்று முளைத்தன. இரண்டை எடுத்து நட்டேன்; மூன்றாவதைத் துணியோடு அக்கா வாஷிங் மெஷினில் போட்டுவிட்டாள். நட்டதில் ஒன்று நான் ஊற்றிய தண்ணீரிலேயே அழுகியது. மிச்சம் இருப்பது ஒரே கொடி. அதைத்தான் இருபத்தாறு தடவை கிள்ளியிருக்கிறேன்.

ஜூலை 20

கிள்ளுவதை நிறுத்தி ஐந்தரை வாரம். மூன்று பக்கக் கிளைகள் வந்துவிட்டன. இன்று காலை முதல் பெண் பூ. அடையாளம் சுலபம்: பூவுக்குப் பின்னால் ரோமம் படர்ந்த குட்டி உருண்டை இருக்கும். தேனீ எதுவும் மூடிய பால்கனிக்குள் வராது. அதனால் ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைக் கிழித்துவிட்டு, நடுவில் இருந்த மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவினேன். சரியாகத் தடவினேனா என்று சந்தேகம் வந்ததால் இன்னொரு ஆண் பூவாலும் தடவினேன்.

அத்தான் பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"என்ன நடக்குது இங்க?"

"கல்யாணம் அத்தான்."

"ஒரு பொண்ணுக்கு ரெண்டு மாப்பிள்ளையா?"

"நீங்க முதல்ல வாயைக் கொப்பளிங்க," என்று அக்கா அவரை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 16

காய் எலுமிச்சை அளவு தாண்டிவிட்டது. பிறகு வந்த இரண்டு பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்துவிட்டன; என்ன தவறு செய்தேன் என்று தெரியவில்லை. இருக்கும் ஒன்றின் கனம் கொடியை இழுக்கிறது. வெங்காயம் வந்த வலைப்பையை வெட்டி ஊஞ்சல் மாதிரி கட்டி, காயை அதில் உட்கார வைத்து, திரைச்சீலைக் கம்பியில் தொங்கவிட்டேன். தினமும் நூல் சுற்றி அளக்கிறேன். நேற்றைவிட இன்று நான்கு மில்லிமீட்டர் அதிகம். மூக்குக்கண்ணாடிக் கடையில் நான் பார்க்கும் ஃபிரேம் அளக்கும் வேலை இதற்காவது உதவுகிறது.

செப்டம்பர் 30

பழுக்கவில்லை.

பழுத்தால் காம்பைச் சுற்றி வட்டமாக வெடிப்பு விழும், தானே கழன்றுகொள்ளும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வெடிப்பு இல்லை. பூவில் மகரந்தம் தடவி எழுபத்திரண்டு நாள் ஆகிறது. பால்கனியில் காலை ஆறு மணிக்குப் பதினான்கு டிகிரி.

"பேசாம பறிச்சுடுடி," என்றாள் அக்கா. "மேல மஞ்சளாத்தான் இருக்கு. பழம்னு நான் சாட்சி சொல்றேன். அவருக்கு என்ன தெரியப்போகுது?"

கையில் கத்தரிக்கோல் இருந்தது. பறித்தால் இது அதற்கு மேல் இனிக்காது. பால்கனி கிடைக்கும், நோட்டில் என்ன எழுதுவது? அத்தானிடம் போய், "தோத்துட்டேன் அத்தான்," என்றேன்.

அவர் சைக்கிள் பெட்டியைப் பிரித்து, பாகங்களை மாட்டி முடித்திருந்தார். கத்தரிக்கோலை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போனார். கொடி கம்பி நெடுகச் சுற்றியிருந்தது. வெட்டாமல் அதை வெளியே எடுக்க முடியாது. அவர் கொடியின் அடியைப் பார்த்தார், ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும் காயைப் பார்த்தார், மறுபடி அடியைப் பார்த்தார்.

"பிள்ளையைத் தொட்டில்ல வச்சுட்டு வீட்டை இடிக்கச் சொல்றா உன் தங்கச்சி," என்று அக்காவிடம் எரிந்து விழுந்தார்.

"நான் எங்க சொன்னேன்?"

"நீ சொல்லல. பந்தயம் சொல்லுது." கத்தரிக்கோலை அலமாரியில் வைத்தார். "சைக்கிள் உள்ள வருது. கொடியும் இருந்துட்டுப் போகட்டும்."

அக்டோபர் 1

காலை ஆறு மணிக்குப் பதினான்கு டிகிரி. அத்தான் அரை மணி நேரம் மிதித்தார். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்தது. ஆறரைக்குப் பதினேழு. தெர்மாமீட்டர் கெட்டுவிட்டதோ என்று இன்னொன்றை வைத்துப் பார்த்தேன். அதுவும் பதினேழுதான்.

"அத்தான், இன்னும் கொஞ்சம் மிதிக்கிறீங்களா?"

"ஏன், நல்லா மிதிக்கிறேனா?"

"மூணு டிகிரி ஏறியிருக்கு."

"என் எடை எவ்வளவு இறங்கியிருக்குன்னு யாராவது எழுதறீங்களா?" என்று மூச்சு வாங்கினார். ஆனால் இறங்கவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் இன்னொரு அரை மணி மிதித்தார்.

அக்டோபர் 4

ஞாயிற்றுக்கிழமை. காலையில் பால்கனியிலிருந்து ஒரு கூச்சல். ஓடிப் போனோம். அத்தான் சைக்கிளில் உட்கார்ந்தபடி தலையைத் தடவிக்கொண்டிருந்தார். எழும்போது ஊஞ்சலில் முட்டியிருக்கிறார். பழம் காம்பிலிருந்து கழன்று வலைக்குள் கிடந்தது. வெடிப்பு சுற்றிலும் சுத்தமாக, வட்டமாக இருந்தது. இடித்ததால் விழுந்ததல்ல, விழ இருந்ததைத்தான் இடித்திருக்கிறார். அப்போதுதான் மூவருக்கும் அந்த வாசனை வந்தது.

அறுநூற்றுப் பத்து கிராம். அக்கா ஆறு துண்டாக வெட்டினாள். உள்ளே ஆரஞ்சு நிறம். தித்திப்பு. இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

"நான் மிதிச்சுப் பழுத்த பழம்," என்று அத்தான் மூன்றாவது துண்டை எடுத்தார்.

"தேதி தாண்டிப் பழுத்த பழம்," என்றேன். "பந்தயம் உங்களுதுதான்."

அவர் கொட்டையைத் துப்பிவிட்டு யோசித்தார். "காலைல அரை மணி, சாயங்காலம் அரை மணி, பால்கனி எனக்கு. மிச்ச நேரம் நீ கதவைச் சாத்திக்கோ. அடுத்த வருஷம் ரெண்டு கொடி போடு."

"அப்ப நீங்க ரெண்டு மடங்கு மிதிக்கணும்," என்றாள் அக்கா.

"ஒரு கொடியே போதும்மா," என்றார் அத்தான்.

நாளை: கொடியை வெட்டிக் கம்பியிலிருந்து எடுத்து, தொட்டியைக் கழுவ வேண்டும். என் நாற்காலிக்கு இடம் வர, சைக்கிளை இடது சுவர்ப் பக்கம் நாற்பது சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும்.