கவுனின் நிறம்

நாலு வருஷத்துக்கு முன்னால் யார் எந்த நிறத்தில் சட்டை தைத்தார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தையல்காரி சொல்லிவிடுவாள். அவள் கவிதை எழுதுகிறாள் என்பதுதான் தெருவுக்கு ஜீரணமாகவில்லை. "மிஷினும் ஓட்டிக்கிட்டு பேனாவும் ஓட்டுறாளா?" என்று மூக்கில் விரல் வைத்தார்கள். மில்காரம்மா செலவு செய்து புத்தகமே போட்டுக் கொடுத்தபின் விரல் இறங்கவே இல்லை.

புத்தகத்தில் ஒரே ஒரு கவிதைக்குத்தான் ஏக கிராக்கி. ஐந்து வயதில் காய்ச்சலில் போன மகளைப் பற்றியது. கடைசி நாளில் பிள்ளை போட்டிருந்த, தையல்காரி தன் கையால் தைத்த கவுன் அதில் வரும். அச்சுக்குப் போகுமுன் மில்காரம்மா அந்தக் கவுனை வெள்ளையாக்கிவிட்டாள். "வெள்ளைன்னாத்தாம்மா படிக்கிறவங்க கண்ணுல தண்ணி வரும்." புத்தகம் போடுகிற மகராசியிடம் மாட்டேன் என்று சொல்ல வாய் வருமா? தலையாட்டிவிட்டாள்.

இரண்டு வருஷமாகக் கூப்பிட்ட மேடையிலெல்லாம் அதையே வாசித்தாள். தண்ணீரும் வந்தது.

இப்போது ஒரு மாதமாக மகள் வருகிறாள். மிஷினுக்கு எதிரே வந்து நிற்கிறாள், வெள்ளைக் கவுனில். தையல்காரி அவளுக்கு வெள்ளையில் தைத்ததே இல்லை. பின்னே என்ன நிறம்? ஊரார் சட்டையெல்லாம் நினைவிருக்கிறது. இது மட்டும் துடைத்துப் போட்ட மாதிரி காணோம். பெற்ற பிள்ளையே மில்காரம்மா சொன்னபடி ஆகிவிடுமோ?

மில்காரம்மா வீட்டுக்கு ஓடினாள். "அம்மா, நான் முதல்ல எழுதிக் கொடுத்த நோட்டு இருக்கா?"

கண்ணாடி அலமாரியிலிருந்து நோட்டு வந்தது. நிறத்தை எழுதியிருந்த வார்த்தையின்மேல் மில்காரம்மாவின் கறுப்பு மை, அடிமேல் அடி. தாளைத் திருப்பிப் பார்த்தாள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ம்ஹூம்.

"இதுக்கா இப்படி மூச்சு வாங்க ஓடி வந்தே? எந்தக் கலரா இருந்தா என்னம்மா? நாளைக்கு விருது விழா. அஞ்சு மணிக்குக் கார் வரும், நல்லதா உடுத்திக்கிட்டு வா."

கார் வந்தது. ஹாரன் அடித்து அலுத்த டிரைவர் கதவைத் தட்டினான். "அக்கா, அம்மா மேடையில காத்துக்கிட்டிருக்காங்க!"

உள்ளே தையல்காரி வெட்டுத்துணி மூட்டையைத் தரையெல்லாம் கொட்டியிருந்தாள். ஒவ்வொரு துண்டாக எடுத்து, வெறும் காற்றில், ஐந்து வயசு உயரத்தில் வைத்துப் பார்த்தாள். "இதாடி செல்லம்? இல்ல, இதா?"

டிரைவர் எட்டிப் பார்த்தான்.

"கொஞ்சம் இருப்பா. பிள்ளைக்குக் கலர் பார்க்கிறேன்."

அவன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் காருக்கு ஓடினான். தையல்காரி அடுத்த துண்டை எடுத்தாள்.