துளையை அடைத்த கந்தல்

ஓரான் நகரத்திலிருந்து ஜெர்பா தீவுக்குக் குடிவந்த ஹூதா, பாழடைந்து கிடந்த பழைய வீட்டை வாங்கி ஒருவழியாகச் சீர்செய்து முடித்தாள். மொட்டைமாடிக்கும் டவுனில் வாங்கிய பெயிண்டைப் பளபளவென்று அடித்துவைத்தாள். வீட்டுக்குக் குழாய்த்தண்ணீர் கிடையாது. மாடியில் விழும் மழைதான் முற்றத்துக்கு அடியிலிருக்கும் தொட்டியில் இறங்கும். வருஷம் முழுக்க அதைத்தான் குடிக்க வேண்டும். இந்தக் கோடைக்கு மட்டும் லாரித் தண்ணீரை வாங்கித் தொட்டியில் விட்டிருந்தாள்.

முதல் மழைக்கு மேகம் கூடியது. மாடி ஏறிப் பார்த்தால், தொட்டிக்குப் போகும் துளையில் யாரோ கந்தலைத் திணித்திருந்தார்கள். வெளியூர்க்காரி தாகத்தில் சாகட்டும் என்றா? ஹூதா ஆத்திரத்தோடு பிடுங்கக் குனிந்தாள்.

"கையை எடுடீ!" பக்கத்து வீட்டு மப்ரூக்கா தன் மாடியிலிருந்து கத்தினாள்.

"நீதானா? கதவைத் தட்டாம என் மாடியில ஏறுவியா?"

"தட்டித் தட்டிக் கைதான் வலிச்சுது. நீ பாட்டைப் போட்டுட்டு உள்ள கிடந்தே. மாடிக்கு இங்க சுண்ணாம்புதான் அடிப்போம். தண்ணியைக் குடிக்கப்போறியா, பெயிண்டைக் குடிக்கப்போறியா?"

ஹூதா கந்தலை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மாடித் தண்ணீர் சுவர் இடுக்கு வழியாகத் தெருவுக்கு ஓடியது. கீழே ஓடித் தொட்டியைத் திறந்து, ஒரு வாளி இறைத்து வாயில் விட்டுப் பார்த்தாள். லாரித் தண்ணீர் கெடவில்லை. அப்பாடா என்று அங்கேயே நனைந்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

மழை விட்டதும், "பெயிண்டைச் சுரண்ட என்னடீ வச்சிருக்கே?" என்று கேட்டுக்கொண்டே மப்ரூக்கா வீட்டுக்குள் நுழைந்தாள். கதவைத் தட்டவில்லை.