காலடி பதியும் அளவுக்கு

அன்று காலை பில்சூனை எழுப்பியது ஒரு சத்தமும் இல்லாததுதான். மூச்சிரைக்க மலைச்சரிவில் ஏறும் முதல் பேருந்து ஏறவில்லை. கீழே கப்பல் பழுதுபார்க்கும் துறையில் ஒரு சுத்தியலும் விழவில்லை. வருடக்கணக்காகக் கப்பல்களின் வயிற்றில் துருவைத் தட்டித் தட்டிப் பாதி செவிடாகிப்போன அவள் காதுக்கே அந்த அமைதி உறுத்தியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எழுந்து கதவைத் திறந்தாள். படிக்கட்டு, கூரைகள், எதிர்வீட்டுத் தண்ணீர்த்தொட்டி, பக்கத்து வீட்டு மல்ஜா கொடியில் மறந்துவிட்ட கையுறை, எல்லாமே வெள்ளை.

"தொலைஞ்சேன்," என்றாள் வாய்விட்டு.

தென்கொரியாவின் இந்தப் புசான் துறைமுகத்தில் பனி விழுவதே அபூர்வம். விழுந்தாலும் கடல்காற்று பட்டதும் கரைந்து சாக்கடைக்குப் போய்விடும். அதிலும் யோங்தோ தீவில் பனி தரையில் தங்குவதாவது! அந்தத் தைரியத்தில்தான் போன இலையுதிர்காலத்தில் அவள் அப்படி வாயை விட்டாள்.

துறைக்கு எதிரே இருக்கும் சாப்பாட்டுக் கடையில் மதியச் சாப்பாடு. வெல்டர் தொக்மான் தன் கிண்ணத்துப் பன்றிக்கறியை எல்லாம் பொறுக்கி எடுத்து அவள் கிண்ணத்தில் போட்டுவிட்டு, "நாம ரெண்டு பேரும் ஒரே வீட்டுல சாப்பிட்டா என்ன?" என்று கேட்டுவிட்டார். தனியாக இருக்கும்போது கேட்டிருக்கக் கூடாதா அந்த மனுஷன்? மேசையைச் சுற்றிலும் துரு தட்டும் பெண்கள் அத்தனை பேரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பில்சூனுக்குக் காது மடல் சுட்டது. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவளிடம் அப்படி யாரும் கேட்டதில்லை.

"யோங்தோவுல காலடி பதியுற அளவுக்குப் பனி பெய்யட்டும், வர்றேன்," என்றாள்.

கடையே சிரித்தது. தொக்மானும் லேசாகச் சிரித்து, "சரி," என்று குனிந்து வெறும் சாற்றையும் சோற்றையும் சாப்பிட்டு முடித்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. ஆனால் கப்பல் பக்கவாட்டில் அவள் உட்கார்ந்து வேலை செய்யும் தொங்குபலகையின் கயிற்று முடிச்சைத் தினமும் காலையில் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தன் வேலைக்குப் போவார். அது வெல்டர் வேலையில்லை. யாரும் அவரைச் செய்யச் சொல்லவுமில்லை. முடிச்சு இழுபடுவதைப் பார்க்கும்போதெல்லாம், சொன்னதைத் திரும்ப வாங்க முடியாதா என்று பில்சூனுக்குத் தொண்டை வரைக்கும் வரும். வந்து அங்கேயே நின்றுவிடும்.

இப்போது, இதோ, வானமே அதைத் திரும்ப வாங்கிக் கொடுத்திருக்கிறது.

உள்ளே வந்து வேலைக் கால்சட்டையை மாட்டினாள். துருக்கறை. கழற்றினாள். மகள் சியோலிலிருந்து அனுப்பிய ஊதாக் கோட்டைப் போட்டுப் பார்த்தாள். வீட்டுக்குள் கோட்டோடு உட்கார்ந்திருப்பவளைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? அதையும் கழற்றினாள். அரிசி களைந்தாள், இரண்டு பேருக்குக் களைந்துவிட்டதைப் பார்த்துத் தன்மேலேயே எரிந்து விழுந்தாள்.

"அடியே பில்சூன்! கல்யாணப் பொண்ணு முழிச்சிட்டியா?" வெளியே மல்ஜாவின் குரல். அவளும் துரு தட்டுகிறவள்தான்; காது கேட்காதவர்களின் நட்பு என்பதால் பேச்சு எப்போதும் ஊருக்கே கேட்கும்.

"வாயை மூடுடி!"

"நான் மூடினா? நீ மூடியிருக்கணும், அன்னிக்குக் கடையில!"

சந்து முழுக்க ஆட்கள் இறங்கிவிட்டிருந்தார்கள். பனியை அள்ள முறையாக ஒரு சாமானும் யாரிடமும் இல்லை. ஒருத்தி குப்பை அள்ளும் தகரத்தோடு நின்றாள். டோஃபு கடைக்காரர் மீன்பெட்டி மூடியால் வழித்துக்கொண்டிருந்தார். மல்ஜா கிம்ச்சி ஊறுகாய்க்கு வைத்திருந்த கல்லுப்பை விதை தூவுவதுபோல் தூவிக்கொண்டிருந்தாள். டோஃபு கடைக்காரர் பில்சூனின் வாசலுக்கும் மூடியைக் கொண்டுவந்தார்.

"என் வாசல்ல கை வைக்காதீங்க!"

"வழுக்கி விழுவீங்கம்மா."

"என் இடுப்பு, நான் உடைச்சுக்கிறேன். தள்ளுங்க!"

மல்ஜா உப்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அது சாட்சி, அண்ணே. சாட்சியைக் கலைக்கக் கூடாது. இப்ப மாப்பிள்ளை வருவாரு, காலடி வைக்க இடம் வேண்டாமா?"

பில்சூனுக்குக் கோபமாகவும் இருந்தது, உள்ளுக்குள் குளுகுளுவென்றும் இருந்தது. தொக்மானின் வீடு இதே படிக்கட்டின் உச்சியில். இறங்கி வந்தால் அவள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். வரட்டும். வந்து, 'என்ன, பனி பெஞ்சிருச்சே,' என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், போதும். வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தாள். துறையிலிருந்து ஃபோன் வந்தது, இன்று வேலை இல்லையாம். சோறு வெந்தது. ஆறியது. அவர் வரவில்லை.

அந்த மனுஷனுக்கு முட்டிவலி வேறு. படியில் விழுந்து கிடக்கிறாரோ? இல்லை, மறந்தே போய்விட்டாரோ? அன்றைக்குச் சிரித்த சிரிப்போடு எல்லாம் முடிந்துவிட்டதோ? மேகம் விலகி வெயில் எட்டிப் பார்த்தது. கூரை விளிம்பிலிருந்து முதல் சொட்டு விழுந்தது. இந்த ஊர் வெயிலை அவளுக்குத் தெரியாதா? இன்னும் கொஞ்ச நேரம் போனால் பனி விழுந்த சுவடே இருக்காது. அப்புறம் எதை வைத்துக்கொண்டு பேசுவது?

ஊதாக் கோட்டை மாட்டினாள். வழுக்காமல் இருக்க, காலணிக்கு மேலேயே செத்துப்போன புருஷனின் பழைய கம்பளிக் காலுறையை இழுத்துப் போட்டாள். 'கோவிச்சுக்காதே,' என்று அவனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படியேறினாள். பின்னால் மல்ஜா கைதட்டியது அவளுக்கே கேட்டது.

முதல் வளைவு வரை பனி. கால் புதைந்து நேர்த்தியாகத் தடம் விழுந்தது. திரும்பிப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டாள். வளைவு திரும்பியதும் நின்றுவிட்டாள்.

மேலே உச்சி வரைக்கும் ஒரு பொட்டுப் பனி இல்லை. ஒவ்வொரு படியும் கல் தெரியப் பெருக்கி, ஓரத்தில் ஒதுக்கி, உப்பும் போட்டிருந்தது. காலுறைக் காலுக்கடியில் உப்பு நறநறத்தது.

வழியிலிருந்த வீட்டின் ஜன்னலிலிருந்து ஒரு அம்மாள் தலையை நீட்டி, "வெல்டர்தான். விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சாரு. நல்ல மனுஷன்!" என்றாள்.

நல்ல மனுஷன்! பில்சூனுக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. பனி பெய்தால் வருகிறேன் என்று சொன்னவள் வந்துவிடக் கூடாதென்று பனியையே துடைத்தெறிந்திருக்கிறார். வேண்டாம் என்பதை இதைவிடச் சுத்தமாக யார் சொல்ல முடியும்? வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் கீழே மல்ஜா கைதட்டிக்கொண்டு நிற்கிறாள். அதோடு, அழுகை வருவதற்கு முன் யாரையாவது திட்டியாக வேண்டியிருந்தது. விடுவிடுவென்று ஏறினாள்.

தொக்மான் வாசலில், கையில் தேய்ந்துபோன துடைப்பத்தோடு, படிக்கல்லில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் தடுமாறி எழுந்தார்.

"என்ன வெல்டரே, ஊருக்கே பெருக்கிக் கொடுத்தாச்சா? எங்க வாசல் ஒண்ணுதான் பாக்கியா?"

"அது... முட்டி ஒத்துழைக்கல. அதான் வளைவோட..."

"எதுக்குப் பெருக்கினீங்க?"

அவர் துடைப்பத்தைக் கை மாற்றினார். "நீங்க அன்னிக்கு வேண்டாம்கிறதைத்தானே அப்படிச் சொன்னீங்க. முகத்துக்கு நேரா சொல்லக் கூடாதுன்னு. இப்ப பனி பெஞ்சு தொலைச்சிருச்சு. ஊரு உங்களைப் பிடிச்சுக்கும், கேலி பண்ணும், சொன்ன சொல்லுக்காக நீங்க வந்து நிப்பீங்க. பனியைக் காட்டி ஒரு பொம்பளையை வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றது... எனக்குப் பிடிக்கல. விடிஞ்சு எழுந்திரிக்கிறப்ப அது இல்லாமப் போயிருச்சுன்னா உங்களுக்கு நிம்மதியா இருக்கும்னு நெனச்சேன்."

பில்சூன் அவர் முட்டியைப் பார்த்தாள். இந்த முட்டியை வைத்துக்கொண்டு இருட்டில் குனிந்து பெருக்கியிருக்கிறார், அவளை விடுவிப்பதற்காக. மட்டி. இப்படி ஒரு மட்டியை எங்கே போய்த் தேடுவது?

சுற்றும் முற்றும் பார்த்தாள். வாசல், படி, மதில், எங்கேயும் பனி இல்லை. சுவரோரம் சோயா விழுதும் மிளகாய் விழுதும் ஊறும் ஜாடிகள் வரிசையாக நின்றன. அவற்றின் மூடிகளில் மட்டும் அவர் கை வைக்கவில்லை. ஒவ்வொரு மூடியிலும் பனி கொழுக்கட்டைபோல் உப்பியிருந்தது.

பில்சூன் முதல் ஜாடிக்குப் போனாள். துருவேறிய இரண்டு கைகளாலும் பனியை வழித்து எடுத்து வந்து, அவர் வாசற்கல்லில் கொட்டினாள். இரண்டாவது ஜாடி. மூன்றாவது. தொக்மான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"நகருங்க."

தட்டிச் சமப்படுத்திவிட்டு, வலது காலைத் தூக்கி அதன்மேல் நிதானமாக அழுத்தி எடுத்தாள். கம்பளிக் காலுறையின் பின்னல்கூடத் தெளிவாகப் பதிந்தது.

"காலடி பதிஞ்சிருச்சு," என்றாள். "இப்ப கேளுங்க."

தொக்மான் அந்தத் தடத்தையே பார்த்தார். ஓரத்தில் அது ஏற்கெனவே ஈரமாகிக்கொண்டிருந்தது. அவர் குரல் கம்மியது. "ஒரே வீட்டுல... சாப்பிடலாமா?"

"சத்தமாக் கேளுங்க. கரையுதுல்ல? எனக்கு எங்க காது கேக்குது!"

அவர் துடைப்பத்தைக் கீழே போட்டார். மூச்சை இழுத்து, மலைச்சரிவே அதிரக் கத்தினார். ஜன்னல்கள் திறந்தன. படிக்கட்டின் அடியிலிருந்து மல்ஜாவின் குரல் ஏறி வந்தது: "எனக்கே கேட்டிருச்சு வெல்டரே! அவளுக்குக் கேட்டுச்சான்னு பாருங்க!"

பில்சூனுக்கு முதல் தடவையே கேட்டிருந்தது. இன்னொரு தரம் கேட்க ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். காலுறையையும் காலணியையும் கழற்றி உதறிவிட்டு, கரைந்துகொண்டிருந்த தடத்தைத் தாண்டி அவர் வீட்டுக்குள் காலை வைத்தாள்.